நான்காம் படுக்கையோடு ஒரு விவாதம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜெர்மன் வகுப்பு வசுமதி மேடம் தினமும் ஜெர்மனில் டைரி எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிப் பார்த்தேன். “இன்று வானிலை நன்றாக இருக்கிறது. நான் காபி குடித்தேன்” என்பதோடு நின்றுவிட்டது. இன்றைக்கு எனக்கு யாரையாவது திட்ட வேண்டும். அதற்கு அந்த மொழியில் இன்னும் சரக்கு சேரவில்லை. ஆகவே தமிழ்.

ஜெர்மன் பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டது. படித்தல் 90, கேட்டல் 88, எழுதுதல் 81. பேசுதல் 41. தேற அறுபது வேண்டும். படித்தலில் எங்கள் வகுப்பிலேயே நான்தான் முதல் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். வேறு எங்கும் யாரும் குறிக்கப் போவதில்லை.

ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி எனக்கு நர்ஸ் வேலைக்குக் கடிதம் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. ஏற்கெனவே ஒரு தடவை கெடு நீட்டிக் கொடுத்தார்கள். நவம்பர் 15-க்குள் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. இனி நீட்ட மாட்டோம் என்று ஒரே மெயிலில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்கள்.

பேசுதலில் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்து விவாதிக்கச் சொல்வார்கள். எனக்கு ஜோடியாக வந்தவன் கோயம்புத்தூர்ப் பையன். அன்றைக்கு என்ன பேசினாய் என்று மேடம் முழுதாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

“மாரீஸ்வரி, அந்தப் பையன் சொன்னதுக்கெல்லாம் ‘ஆமா, நீங்க சொல்றது சரி’ன்னு சொல்லியிருக்கீங்க. பதினோரு தடவை. இது விவாதம்மா, நிச்சயதார்த்தம் இல்ல.”

“அவர் நல்லாப் பேசினார் மேடம்.”

“நல்லாப் பேசினதுக்கு அவருக்கு மார்க் போட்டாச்சு. உங்களுக்கு எதுக்குப் போடுவாங்க?”

நியாயமான கேள்வி. அதனால்தான் கோபம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மேடம் மருந்துச் சீட்டு மாதிரி ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்திருக்கிறார். “டாஸ் ஸேயெ இஷ் அண்டர்ஸ்.” எனக்கு அது வேறு மாதிரி தோன்றுகிறது என்று அர்த்தம். தினமும் ஓர் ஆளிடமாவது மறுத்துப் பேச வேண்டுமாம். எந்த மொழியில் என்றாலும் சரி.

ஹாஸ்டல் மெஸ்ஸில் ஆரம்பித்தேன். உப்புமாவைக் கரண்டியால் குத்தினால் கரண்டி நின்றது. மெஸ் அக்கா பக்கத்தில் வந்து, “எப்படிம்மா இருக்கு?” என்றார்.

“நல்லாருக்குக்கா.”

இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார். மறுத்தது: 0.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு டூட்டி மாற்றிக் கேட்கப் போனேன். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் கிரேஸ் மேடம் டூட்டி ரோஸ்டரிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அப்ப சனிக்கிழமை டபுள் டூட்டி பாத்துரு” என்றார். “சரி மேடம்” என்றேன். வெளியே வந்த பிறகுதான் மறுக்க வேண்டியது ஞாபகம் வந்தது. மறுத்தது: 0.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு டாக்டர் நிகிலேஷ் உள்ளே வந்தார். எங்கள் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ. டாக்டர். மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறாராம். நான் எழுந்து நின்றுவிட்டேன். வகுப்பில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

“உக்காருங்க சிஸ்டர்” என்றார் அவர். அதற்கும் “சரி சார்” என்றேன்.

இரண்டு பேரும் மருத்துவத் துறை என்று மேடம் எங்களையே ஜோடி சேர்த்துவிட்டார். அக்டோபர் 19 பரீட்சைக்கும் ஒரே ஜோடியாகப் பதிந்தாகிவிட்டது. நாற்பத்தொன்றுகூட வராது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பேசிப் பழக இடம் இல்லை. ஹாஸ்டல் அறையில் நான்கு பேர், எப்போதும் ஒருத்தியாவது டூட்டி முடிந்து தூங்குவாள். மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். டாக்டருக்கு வீட்டில் தனி அறை, ஆன்லைனில் பெர்லின்காரர் ஒருவரோடு வாரம் மூன்று நாள் உரையாடல்.

எனக்கும் இன்று ஓர் ஆள் கிடைத்தார். ஐ.சி.யூ.வில் நான் பார்த்துக்கொள்ளும் நான்காம் படுக்கை அழகர்சாமி. டவுனில் பாத்திரக்கடை முதலாளி. வேலையாள் அண்டா இறக்கிய விதம் சரியில்லை என்று, எப்படி இறக்குவது என்பதைக் காட்ட ஏணியில் தானே ஏறி விழுந்தவர். தலையில் அடி, ஒரு வாரமாக நினைவில்லை.

நினைவில்லாதவரிடமும் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்தது. “ஐயா, இப்ப இடது பக்கமாத் திருப்பிப் படுக்க வைக்கப் போறேன்” என்று தமிழில் சொல்லி முடித்தேன். பிறகு ஜெர்மனில், அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்கலாமா என்ற விஷயத்தில் அவரை மறுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசுவதை யாரும் குறுக்கிடாமல் கேட்டது இதுதான் முதல் தடவை.

மறுத்தது: 1. செல்லுமா என்று மேடத்திடம் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

செல்லாதாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வகுப்பில் இன்று “குடும்பத்தோடு சாப்பாட்டு மேசை” என்ற பாடம். டாக்டர் உற்சாகமாகிவிட்டார். அவர் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்றாலே சண்டைதானாம். அப்பா ஒரு விஷயத்தைப் போடுவார், அண்ணனும் இவரும் ஆளுக்கொரு பக்கம் பேச வேண்டும், ஜெயித்தவருக்கு ஐஸ்கிரீமில் பெரிய பங்கு. ஏழு வயதிலிருந்து. சொல்லும்போது நன்றாகச் சிரித்தார். நல்ல மனிதர்தான், அதை மறுக்க முடியவில்லை.

“உங்க வீட்ல?” என்றார் மேடம்.

“சாப்பிடும்போது பேசினா புரையேறும்னு அம்மா சொல்லுவாங்க” என்று ஜெர்மனில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். வாக்கியத்தில் ஒரு பிழைகூட இல்லை.

அப்பா சாத்தூரில் ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். முதலாளி கார் உள்ளே வந்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். வியர்வைக்குத்தான் என்று நினைத்திருந்தேன். மில்லில் எல்லாரும் அப்படிச் செய்யவில்லை, எங்கள் தெரு ஆட்கள் மட்டும்தான் செய்தார்கள் என்பதை ஏழாம் வகுப்பில்தான் கவனித்தேன். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன்? அடுத்த வகுப்பில் வினைச்சொல் டெஸ்ட் இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

வசுமதி மேடம் என்னைப் பற்றி ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். எனக்கு மறுக்கத் தெரியாது என்கிறார். ஐந்து வருடமாக அதைத்தானே செய்கிறேன். டாக்டர் ஒன்றைத் தவறாகச் சொன்னால் நர்ஸ் “தப்பு சார்” என்று சொல்லக் கூடாது. “சார், ஒருக்கா பாத்துக்கிறலாமா?” என்று கேட்க வேண்டும். அல்லது ஃபைலை அந்தப் பக்கம் திறந்தபடி அவர் கண்ணில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். அவர் பார்த்துவிட்டு, “சிஸ்டர், இதை மாத்திருவோம்” என்பார். “சரி சார்” என்று மாற்ற வேண்டும். வேலை முடிந்தது. நோயாளி பிழைத்தார். இதில் நான் கெட்டிக்காரி.

இன்றைக்கு வகுப்பில் அதே வித்தையைக் காட்டினேன். டாக்டர் நான்கு நிமிடம் பேசிய பிறகு, “வயதானவர்கள் தனியாக இருந்தால் நாய் துணையாக இருக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளலாமா?” என்று ஜெர்மனில் கேட்டேன். “ஆமாம், நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்” என்று ஆரம்பித்தவர், என் கருத்தை இன்னும் மூன்று நிமிடம் பிரமாதமாக விளக்கினார்.

“அந்தப் பாயின்ட்டுக்கு மார்க் யாருக்குப் போகும்?” என்று மேடம் கேட்டார்.

டாக்டர், “எங்க ரெண்டு பேருக்கும் செட் ஆயிருச்சு மேடம்” என்றார் சந்தோஷமாக.

செப்டம்பர் 5, வியாழன்

நாய் போதும் என்று ஆகிவிட்டது. நான்காம் படுக்கையோடு இன்று வேறு தலைப்பு: முதலாளி ஏணியில் ஏறலாமா, கூடாதா. “டாஸ் ஸேயெ இஷ் அண்டர்ஸ், ஐயா.” என் உச்சரிப்பு நாளுக்கு நாள் நன்றாகிறது. அவருடைய காய்ச்சல்தான் குறையவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

குளித்துவிட்டு, இரண்டு டீ குடித்த பிறகு எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் அழகர்சாமியின் மகள் வந்தபோது, அப்பாவுக்குப் பல வருடம் முன்னால் பென்சிலின் போட்டு மூச்சு அடைத்துப்போனதாகச் சொன்னாள். சேர்க்கும்போது பதற்றத்தில் சொல்ல மறந்துவிட்டாள். நர்ஸ் குறிப்பில் நான் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். டாக்டர்கள் ஃபைலில் டாக்டர் எழுதியதைப் பார்ப்பார்கள். நர்ஸ் எழுதியதை நேரம் இருந்தால் பார்ப்பார்கள்.

இன்று காலை பத்து மணிக்கு இரண்டாம் படுக்கையில் ஒருவருக்குத் திடீரென்று மோசமானது. டாக்டர் நிகிலேஷ் அதற்கு நடுவில், காதில் போனோடு, நான்காம் படுக்கைக்குப் புது ஆன்டிபயாடிக் எழுதினார். பென்சிலின் வகை. ஆள் போதவில்லை என்று சிரிஞ்சையும் அவரே எடுத்துக்கொண்டு போனார்.

“சார், அலர்ஜி ஒருக்கா பாத்துக்கிறலாமா?”

“பாத்தாச்சு சிஸ்டர்.”

ஃபைலைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே ஃபைலை இடது கையால் ஒதுக்கினார். ஊசி டிரிப் ட்யூபைத் தொட்டுவிட்டது. ஐந்து வருட வித்தை தீர்ந்துவிட்டது. வாயைத் திறக்கிறேன், தமிழில் ஒன்றும் வரவில்லை. “நிறுத்துங்க” என்ற வார்த்தை எனக்குத் தெரியும். அதை ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நாக்குக்குத் தெரியவில்லை.

“டாஸ் ஸேயெ இஷ் அண்டர்ஸ்!”

கத்தியிருக்கிறேன் போல. மூன்றாம் படுக்கையின் உறவுக்காரர் கண்ணாடிக்கு வெளியே எழுந்து நின்றுவிட்டார். டாக்டர் திரும்பினார். கை நின்றுவிட்டது. போனைக் காதிலிருந்து எடுத்தார். நான் குறிப்பின் மேல் விரலை வைத்தேன். அவர் படித்தார். சிரிஞ்சை ட்ரேயில் வைத்துவிட்டு வேறு மருந்து எழுதினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அழகர்சாமி எப்போதும் போலத் தூங்கினார்.

செப்டம்பர் 13, வெள்ளி

கிரேஸ் மேடம் கூப்பிட்டு விட்டார்.

“ஐ.சி.யூ.ல டாக்டரைப் பாத்து என்னமோ கத்துனியாமே. என்ன பாஷை அது?”

“ஜெர்மன் மேடம்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “தமிழ்ல சொல்லியிருக்கலாமேடி” என்றார்.

“வரலை மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மேடமும் முப்பது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஓர் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர்தான். “சரி, போ” என்றார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

டாக்டர் வகுப்புக்கு வரவில்லை. வார்டிலும் அளந்துதான் பேசுகிறார். ஜோடி விலகிவிட்டால் பரீட்சைத் தேதி நவம்பர் கடைசிக்குத் தள்ளிப்போகும், 15-ஆம் தேதிக் கெடு போய்விடும். நான் கவலைப்படவில்லை. இன்று உப்புமாவை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 19, வியாழன்

நான்காம் படுக்கை கண்ணைத் திறந்தது! வலது பக்கம் திருப்பும்போது என்னையே பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, அதையும் அவரிடம் தமிழில் சொல்லிவிட்டே அழுதேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

டாக்டர் இன்றும் வரவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

வந்தார். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது கீழே சுடிதார் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அதற்கு அவர் வீட்டு மேசையில் பழக்கவில்லை போல.

“அன்னைக்கு, கத்துறதுக்கு முன்னாடி எத்தனை தடவை சொன்னீங்க சிஸ்டர்?”

“ரெண்டு தடவை சார்.”

“எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் இல்ல.” பைக் சாவியை விரலில் சுற்றினார். “இதுக்கு முன்னாடி? நான் வந்து மூணு வருஷமாச்சு.”

“எண்ணலை சார்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. போய்விடுவார் என்று நினைத்தேன். “பத்தொம்பதாந் தேதி நீங்க என்னை மறுக்கலைன்னா ரெண்டு பேருக்கும் நஷ்டம்” என்றார். “விவாதத்துல எதிராளி வேணும்ல.”

“முயற்சி பண்றேன் சார்.”

“அந்த சாரை முதல்ல விடுங்க.”

“சரி சார்.”

அக்டோபர் 10, வியாழன்

அழகர்சாமி ஜெனரல் வார்டுக்குப் போய்விட்டார். பேச்சு இன்னும் திரும்பவில்லை. டூட்டி முடிந்ததும் அரை மணி நேரம் அவரிடம் போகிறேன். அவர் “தண்ணி” சொல்லிப் பழகுகிறார், நான் விவாதம் பழகுகிறேன். இரண்டு பேருக்கும் வாய் வலிக்கிறது. கடையில் இவர் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்களாம். அப்பாவை ஒருத்தி மறுத்துக்கொண்டே இருப்பதையும் அவர் பேசாமல் கேட்பதையும் பார்க்க அருமையாக இருக்கிறது என்று மகள் தினமும் சுண்டல் கொண்டு வருகிறாள்.

மெஸ்ஸில் இன்று, “உப்புமா கல்லு மாதிரி இருக்குக்கா” என்றேன். “எனக்கும் தெரியும், ரவை அப்படி” என்றார் மெஸ் அக்கா. இதற்குத்தானா இரண்டு மாதம்? மறுத்தது: 1.

அக்டோபர் 19, சனி

பரீட்சை.

கவரைப் பிரித்தால் தலைப்பு: வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கலாமா?

டாக்டர் ஆரம்பித்தார். அழைக்க வேண்டும், அதுதான் சமத்துவம். ஜெர்மன் நன்றாக ஓடியது. “எங்கள் ஆஸ்பத்திரியிலும் எல்லாரும் சமமாகத்தான் பழகுகிறோம்” என்றார். அவர் உண்மையிலேயே அப்படி நம்புகிறார். மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார். ஊசி ட்யூபைத் தொட்ட மாதிரி இருந்தது எனக்கு.

“டாஸ் ஸேயெ இஷ் அண்டர்ஸ்.”

பெயர் சொல்லிக் கூப்பிடுவது எளிது, நாளைக்கே நான் கூப்பிட்டுவிடுவேன் என்றேன். ஆனால் நான் தவறு என்று சொல்லும்போது உங்கள் கை நிற்குமா? நிற்கும் என்றால் என்னை சிஸ்டர் என்றே கூப்பிடுங்கள், எனக்குக் குறையில்லை. நிற்காது என்றால் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? டாக்டர் குறுக்கே வந்தார். “நான் இன்னும் முடிக்கவில்லை” என்றேன். இந்த வாக்கியத்தை நான் பழகவே இல்லை, எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவரும் விடவில்லை, பெயரில் ஆரம்பித்தால்தான் மற்றதும் மாறும் என்றார். கொஞ்சம் சரியாகத்தான் சொன்னார். அதையும் மறுத்தேன்.

நேரம் முடிந்தது என்று பரீட்சை நடத்திய அம்மாள் இரண்டு தடவை மேசையைத் தட்ட வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் டாக்டர், “டீ சாப்பிடலாமா, மாரீஸ்வரி?” என்றார். சாப்பிட்டோம். நான் அவரைப் பெயர் சொல்லவில்லை. சார் என்றும் சொல்லவில்லை. எப்படியோ சமாளித்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. டூட்டி. அழகர்சாமி வீட்டிலிருந்து வார்டு முழுவதுக்கும் அதிரசம்.

நவம்பர் 5, செவ்வாய்

பேசுதல்: 79.

சத்தம் போட்டுப் படித்தேன். தூங்கிக்கொண்டிருந்த ரூம்மேட் தலையணையை என் மேல் எறிந்தாள். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். “தேறிட்டியாம்மா?” என்றார் அப்பா. துண்டால் முகம் துடைக்கும் சத்தம் கேட்டது.

டாக்டருக்கு 91. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளை வரை அவகாசம் வேண்டும்.

நவம்பர் 6, புதன்

அழகர்சாமி வீட்டுக்குப் போகும் நாள். டாக்டர் நிகிலேஷ் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்யா” என்றார். அழகர்சாமி இல்லையென்று தலையை ஆட்டினார். வாயைக் கோணி, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

“டாஸ்... ஸேயெ... இஷ்... அண்டர்ஸ்.”

மகள் பயந்துபோய், “அப்பா என்னமோ உளறுறாரே” என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டெம்பரேச்சர் சார்ட்டைப் பார்த்தேன். ஆள் அன்றைக்கே வீட்டுக்குப் போனார்.

நவம்பர் 8, வெள்ளி

ராஜினாமாக் கடிதத்தோடு கிரேஸ் மேடம் அறைக்குப் போனேன். ஜனவரி முதல் வாரம் அங்கே சேர வேண்டும். மேடம் படித்தார், மடித்தார்.

“நீ போயிட்டா ஐ.சி.யூ.க்கு நான் யாரைப் போடுவேன்? மார்ச் வரைக்கும் இருந்துட்டுப் போ. அவங்ககிட்ட சொன்னாக் கேப்பாங்க. என்ன, சரியா?”

“ச” என்கிற எழுத்து நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பழகிய எழுத்து.

“இல்ல மேடம். எனக்கு அப்படித் தோணலை.”

மேடத்தின் கை கடிதத்தின் மேல் நின்றது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பது விவாத விதி. அவர்கள் இனி ஒரு நாள்கூடத் தள்ள மாட்டார்கள் என்றேன். ஐ.சி.யூ.க்கு ஆள் போடச் சொல்லி இரண்டு வருடமாக நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதங்கள் இந்த மேசையில்தான் இருக்கும் என்றேன். நான் மார்ச் வரை இருந்தால் அவை மார்ச் வரை இங்கேயேதான் இருக்கும் என்றேன். யாரும் குறுக்கே வரவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு,

“ஜெர்மன்லயே சொல்லியிருக்கலாம்லடி” என்றார். “எனக்குப் புரிஞ்சிருக்காது.”

மறுத்தது: 1. தமிழில்.